அளந்தவர் ஒருவர், எழுதியவர் ஒருவர்

கேள்வியில் இரண்டு பகுதி இருக்கிறது. காவிரிப் படுகையில் இத்தனை கோயில், மடம், பாடசாலை, கல்லூரி இருந்தும் வயலில் இறங்கி வேலை செய்தவர்களுக்குப் படிப்பு ஏன் இவ்வளவு தாமதமாக வந்தது? வந்த பிறகாவது படித்தவர், பாடுபடுகிறவர் என்ற பிரிவு ஒழிந்ததா?

முதலில் நான் எந்தப் பக்கத்து ஆள் என்று சொல்லிவிடுகிறேன். மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம். தாத்தா கர்ணம், அதாவது ஊர் நிலக் கணக்கு எழுதுகிறவர், ஊர் வழக்கில் கணக்குப்பிள்ளை. அப்பாவும் அதே வேலைதான். நான் முப்பத்து நான்கு வருஷம் அரசுப் பள்ளியில் வாத்தியார். கோட்டுக்கு எந்தப் பக்கம் பிறந்தேன் என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது.

எட்டு வயதில் பார்த்த ஒரு காட்சி. எல்லைத் தகராறு ஒன்றுக்காகத் தாத்தா வயலுக்குப் போனார், நானும் கூடவே போனேன். தாத்தா குடையைப் பிடித்துக்கொண்டு வரப்பிலேயே நின்றார். சங்கிலியைத் தூக்கிக்கொண்டு முழங்கால் சேற்றில் நடந்தவர் ஊர்ப் பணியாளரான வெட்டியார், அறுபது வயதைத் தாண்டியவர். எல்லைக்கல் சேற்றுக்குள் புதைந்திருந்தது. அவர் குதிகாலால் அங்கொரு மிதி இங்கொரு மிதி மிதித்துப் பார்த்து, ஓரிடத்தில் நின்றார். கையை விட்டுத் துழாவினார். கல் இருந்தது. அங்கிருந்து அளந்து இத்தனை குழி என்று அவர்தான் கணக்கைச் சொன்னார். தாத்தா எழுதிக்கொண்டார். திரும்பி வரும்போது நான் அந்தப் பெரியவரை "ஏய், என்னையத் தூக்கிக்கோ" என்றேன். அவர் "வாங்க சின்னய்யா" என்று தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். எங்கள் வீட்டுத் திண்ணைக்கு இருபது அடி முன்னால் இறக்கிவிட்டார். அதற்கு மேல் அவர் வரமாட்டார். வரவும் விட்டதில்லை.

குழி, மா, வேலி என்ற நில அளவைக் கணக்கு அந்த மனிதருக்குத் தலைகீழ்ப் பாடம். நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி, அதாவது ஏறக்குறைய ஆறே முக்கால் ஏக்கர். எழுத்து மட்டும் தெரியாது. ஆகவே வயலில் இறங்கியவருக்கு அறிவில்லை, அதனால் படிப்பு ஏறவில்லை என்று யாராவது சொன்னால் நான் கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன். எழுத்துக்கு இங்கே ஒரு விலை இருந்தது. அந்த விலை களத்து மேட்டில் நெல்லாகக் கொடுக்கப்பட்டது. சிக்கல் தொடங்குவது அங்கேதான்.

களத்தில் தூற்றி அம்பாரம் குவித்த பிறகு, மிராசுதாரும் குத்தகைக்காரரும் பங்கு பிரிப்பதற்கு முன்னால் ஊர்ப் பங்குகள் போகும். கோயில், கணக்குப்பிள்ளை, தலையாரி, வெட்டியார், தச்சர், கொல்லர், வண்ணார் என்று ஆளுக்கு இத்தனை மரக்கால். இந்தப் பங்குகளுக்குச் சுதந்திரம் என்று பெயர் (1947க்கு முன்பே இங்கே அந்தச் சொல் புழக்கத்தில் இருந்தது, பொருள்தான் வேறு). அளக்கிறவர் முதல் மரக்காலை "ஒன்று" என்று சொல்லமாட்டார். "லாபம்" என்பார். லாபம், ரெண்டு, மூணு என்று போகும். பக்கத்தில் கணக்குப்பிள்ளை உட்கார்ந்து எழுதுவார். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். கால் நனையாமல் அம்பாரத்தில் பங்கு வாங்கிய கைகளில் ஒன்று எழுதுகிற கை. அந்தக் கையை யாராவது எளிதில் பொதுவுடைமை ஆக்குவார்களா?

சோழர் காலத்திலிருந்தே இதே ஏற்பாடுதான். வேதம் ஓதியவர்களுக்குப் பிரம்மதேயம், பட்டவிருத்தி என்று நிலம் கொடுத்தார்கள். அந்த நிலத்தின் மேல்வாரம், அதாவது விளைச்சலில் உடையவருக்குப் போகிற பங்கு, படிப்புக்குச் சோறு போட்டது. முதலாம் ராஜேந்திரன் காலத்தில் எண்ணாயிரம் என்ற ஊரில் 340 மாணவர்களும் 14 ஆசிரியர்களும் இருந்த ஒரு கல்லூரிக்கு நிலம் விட்ட கல்வெட்டு இருக்கிறது. ஊர் படுகைக்கு வடக்கே, இன்றைய விழுப்புரம் மாவட்டம். ஆனால் வழிமுறை இங்கிருந்ததுதான், படிப்பவருக்கும் சொல்லிக்கொடுப்பவருக்கும் நெல்லாகவே அளந்தார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளிலும் நெல்தான் பேசுகிறது. கோயிலில் ஆடிப் பாடிய தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேருக்குப் பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். அதே கோயில் கல்வெட்டுகள் ஊர் ஊராக வரி நீங்கிய நிலங்களைச் சொல்லும்போது ஊர்நத்தம், குளம், வாய்க்கால் என்று வரிசையாக வந்து, பறைச்சேரி, தீண்டாச்சேரி என்றும் சொல்கின்றன. பெரிய கோயிலை அண்ணாந்து பார்க்கிறவர்கள் அதன் அடித்தளத்தில் பொறித்திருக்கிற அந்த வரிகளையும் ஒருமுறை குனிந்து படிக்கலாம்.

இதில் இன்னொரு முடிச்சு. நிலம் படித்தவரிடம் இருந்தது, ஆனால் ஏர் பிடிப்பது அவருக்கு ஆகாது. மனுஸ்மிருதி பத்தாவது அத்தியாயத்தில் உழவை இகழ்கிறது. இரும்பு முனை வைத்த கலப்பை மண்ணையும் மண்ணில் உள்ள உயிர்களையும் கொல்கிறதாம். தமிழ் மரபு இதற்கு நேரெதிர். திருக்குறள் உழுதுண்டு வாழ்வாரே வாழ்வார் என்றது. நம் தேரழுந்தூர்க் கம்பர் பெயரில் ஏரைப் பாடிய நூலே ஒன்று உண்டு. சரி, பாட்டில் உழவன் உயர்ந்துதான் இருந்தான். களத்தில் மனுவும் மிராசுதாரும் சொன்னதுதான் நடந்தது. பிராமணர்தான் என்றில்லை, நிலம் சேர்ந்த மற்ற சாதிகளும் கொஞ்ச நாளில் சேற்றில் இறங்குவதைக் குறைவாக நினைக்க ஆரம்பித்தன. வெள்ளை வேட்டியில் சேறு படாமல் இருப்பதே அந்தஸ்து என்றாகிவிட்டது.

நந்தன் கதையை இந்த இடத்தில் சொல்லவேண்டும், ஏனென்றால் அது இந்த மண்ணின் கதை. சேக்கிழார் பாடியதில் நந்தனுக்கு ஆண்டை என்று ஒருவர் கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாகைப் பக்கத்து நரிமணத்தில் பிறந்த கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரத்தைக் கீர்த்தனைகளாகப் பாடியபோது ஒரு வேதியரைச் சேர்த்தார். சிதம்பரம் போக வேண்டும் என்று நந்தன் கேட்கிறான். நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார் வேதியர். நாற்பது வேலி என்றால் 260 ஏக்கருக்கு மேல். ஓர் இரவில் தெய்வம் வந்து முடித்துக் கொடுத்தால்தான் உண்டு. பாரதியார் பக்திக்காகத்தான் இதைப் பாடினார், நான் பொருளாதாரம் படிக்கிறேன். பண்ணையாளிடம் பறித்துக்கொண்டதில் மிகப் பெரியது அவனுடைய பொழுதுதான். கோயிலுக்குப் போகவே பொழுது கிடையாது என்றால் பள்ளிக்கூடத்துக்கு எங்கே போவது?

இதே கதையில் ஒரு கிளைக்கதையும் உண்டு. பாரதியார் தன் பாட்டுகளுக்குச் சிறப்புப்பாயிரம் (நூலைப் பாராட்டி முகப்பில் வைக்கும் பாட்டு) கேட்டு மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போனார். பிள்ளை எளிதில் தரவில்லை. இலக்கணப் பிழை இருக்கிறது என்று தயங்கினார். பலமுறை நடக்கவிட்டு, கடைசியில் பாட்டைக் கேட்டு மனம் கரைந்துதான் எழுதிக்கொடுத்தார். பிள்ளையின் மாணவர் உ.வே.சாமிநாதையர் சொன்ன செய்தி இது. பண்ணையாளின் கதை படித்தவர் சபைக்குள் நுழைய அத்தனை நடை நடக்க வேண்டியிருந்தது.

இதைச் சொல்வதால் அந்தப் புலமையைக் குறைத்துப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். பாபநாசத்துக்குப் பக்கத்து உத்தமதானபுரத்தில் பிறந்த உ.வே.சா. திருவாவடுதுறை மடத்துச் சோற்றில் படித்தார், கும்பகோணம் கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டே 1887இல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தார். அந்தச் சோறு இல்லாவிட்டால் நமக்குப் பாதி இலக்கியம் செல்லரித்துப் போயிருக்கும். மடத்து நிலத்தில் நாற்று நட்ட கைகளுக்கும் அதில் பங்கு உண்டு என்கிறேன், அவ்வளவுதான். அவர்கள் பெயர் எந்த முகவுரையிலும் இல்லை.

திண்ணைப் பள்ளிக்கூடம் இருந்ததே, அதில் எல்லோரும் படித்தார்களே என்று சிலர் கேட்பார்கள். பாதி உண்மை. 1826இல் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ தொகுத்த கணக்கில் சென்னை மாகாணம் முழுக்க 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். பிராமணர் அல்லாதவர்களும் கணிசமாக இருந்தார்கள். குடியானவர், செட்டியார், கம்மாளர் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதி, பிறகு ஓலையில் எழுத்தாணி பிடித்து, எண்சுவடி என்ற வாய்பாட்டை நெட்டுருப் போட்டார்கள். முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. அதில் ஆரம்பித்து காணி, மா, மாகாணி என்று ஏறுவார்கள். இன்றைக்கு ஒன்பதாம் வகுப்புக்குப் பின்னம் நடத்திய எனக்கே அதை நினைத்தால் பொறாமையாக இருக்கிறது. ஆனால் அத்தனையும் நெல்லையும் நிலத்தையும் கூலியையும் கணக்குப் பார்க்கிறவனுக்கான படிப்பு. கூலி வாங்குகிறவனின் பிள்ளை அந்த நேரத்தில் மாட்டோடு இருந்தது. "உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது" என்று பழமொழி சொல்வோம் இல்லையா, அதை ஒரு தடவை நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். உழுதவன் கணக்குப் பார்க்காமல் இருந்தால் யாருக்கு நல்லது?

வெள்ளைக்காரன் காலத்தில் என்ன மாறியது? கும்பகோணம் கல்லூரி வந்தது, 1854இல். தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்றார்கள். அதில் படித்தவர்கள் நீதிபதியாகவும் தாசில்தாராகவும் போனார்கள், நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு. சேரிப் பிள்ளைகளுக்கு 1920களில் பள்ளி திறந்தபோது அதைப் பெரும்பாலும் நடத்தியது கல்வித் துறை இல்லை, லேபர் டிபார்ட்மென்ட். ஒடுக்கப்பட்ட மக்கள் நலன் அத்தனையும் தொழிலாளர் ஆணையர் கையில் இருந்தது. அதனால் அவற்றுக்கு லேபர் ஸ்கூல் என்றே பெயர். இப்போதைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் முன்னோடி அவைதான். ஏழு வயதுப் பிள்ளை, சிலேட்டைத் தூக்கிக்கொண்டு போகிறது, அரசாங்கக் கோப்பில் அது லேபர்!

மடம், சத்திரம் பக்கம் பெரிய மாற்றம் என்று சொல்ல அதிகமில்லை. ஏ.டி.பன்னீர்செல்வம் தஞ்சை மாவட்டக் கழகத் (ஜில்லா போர்டு) தலைவராக இருந்த 1920களில் திருவையாற்று வடமொழிக் கல்லூரியில் தமிழும் நுழைந்தது. அது முக்கியமான கதவுதான். ஆனால் அந்தக் கதவு வரை வந்து சேரவே சேரிக்காரருக்குப் பொழுது இல்லையே.

பொழுதை மீட்டவர்கள் பள்ளிக்கூடம் கட்டியவர்கள் இல்லை, பண்ணையாட்களுக்குச் சங்கம் கட்டியவர்கள். கன்னடத்துக்காரரான பி.சீனிவாசராவ், கல்லூரியை விட்டு வந்தவர், 1940களில் இந்தப் பக்கத்துச் சேரிகளில் படுத்துறங்கி, அங்கேயே சாப்பிட்டுச் சங்கம் வளர்த்தார். பண்ணையாளுக்குத் தண்டனையாகக் கொடுத்த சவுக்கடியும் சாணிப்பாலும் (சாணியைக் கரைத்துக் குடிக்க வைப்பது) நிற்க வேண்டும் என்று 1944இல் மன்னார்குடியில் ஒப்பந்தம் ஆனது. 1952இல் ராஜாஜி ஆட்சியில் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம். பண்ணையாளை நினைத்தபோது துரத்த முடியாது, கூலிக்கு ஒரு வரையறை உண்டு என்று ஆயிற்று. வேடிக்கை என்னவென்றால் அதே ராஜாஜி ஆட்சிதான் மறு வருஷம் கிராமப் பள்ளிகளில் பாதி நேரம் படிப்பு, மீதி நேரம் குடும்பத் தொழில் என்று திட்டம் கொண்டுவந்தது. குலக்கல்வி என்று பெயரே ஆகிவிட்டது. ஒரு கையால் அப்பனுக்குக் கூலியை உறுதி செய்து, மறு கையால் பிள்ளையின் பாதிப் பொழுதைத் திரும்ப வயலுக்கு எழுதி வைத்த மாதிரி. திட்டத்தை எதிர்த்து நாகப்பட்டினத்திலிருந்து சென்னைக்கு ஒரு படை நடந்தே போனது. 1954இல் காமராஜர் முதல்வரானதும் திட்டம் போயிற்று. அப்புறம் மதிய உணவு வந்தது. என் அனுபவத்தில், கூலிக்காரர் வீட்டுப் பிள்ளையைப் பள்ளிக்கு இழுத்ததில் சரஸ்வதியைவிட அந்தத் தட்டுக்குத்தான் பங்கு அதிகம்.

1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. கூலி உயர்வு கேட்ட ஊரில் 44 பேர் ஒரே குடிசையில் எரிந்தார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் பெரும்பாலும். விவரித்து எழுத எனக்குக் கை வரவில்லை. அதற்குப் பிறகு கூலிச் சட்டம் வந்தது, 1969இல் குத்தகையைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது, 1971இல் குடியிருப்பு மனை குடியிருந்தவருக்கே சொந்தம் என்றானது. கடைசியாகச் சொன்னதைப் படிப்போடு யாரும் சேர்த்துப் பேசுவதில்லை, ஆனால் சேர்த்துத்தான் பேச வேண்டும். மிராசுதார் இடத்தில் குடிசை போட்டிருப்பவர் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, "மாடு எங்கடா?" என்று அவர் கேட்டால் என்ன பதில் சொல்வார்? மனை தன் பெயருக்கு வந்த பிறகுதான் "பையன் பள்ளிக்கூடம் போயிருக்கான்" என்று நிமிர்ந்து சொல்ல முடிந்தது.

1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒரேயடியாக ஒழித்தது. எங்கள் வீட்டில் அன்றைக்கு இழவு விழுந்த மாதிரி இருந்தது. அப்பா ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன், எனக்கும் கோபம். இப்போது யோசித்தால், இந்த ஆயிரம் வருஷக் கதையில் எழுதுகிற கை கைமாறிய நாள் அதுதான். கிராம நிர்வாக அலுவலர் என்று புதுப் பதவி வந்தது, பிறகு அதற்குப் பொதுத் தேர்வு. யாரும் எழுதலாம்.

இரண்டு மூன்று வருஷம் கழித்து நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பிக்க சர்வேயர் வந்தார். வரைபடமும் தரையும் ஒத்துவரவில்லை. பழைய வெட்டியாரை அழைத்து வரச் சொன்னார்கள். அவருக்குக் கண் அநேகமாகப் போயிருந்தது. பேரன் கையைப் பிடித்து அழைத்து வந்தான். தடியால் தட்டிக்கொண்டே நடந்து, ஓரிடத்தில் குதிகாலை ஊன்றினார். தோண்டினால் கல். அப்பா தன் பழைய கணக்கைப் புரட்டி, கல்லின் எண் சரிதான் என்றார். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. கல்லுக்கு எண் இருக்கிறது, காட்டியவரின் பெயர் எங்குமே இல்லை.

இரண்டாவது பகுதிக்கு வருகிறேன், பிரிவு போய்விட்டதா? எழுத்தறிவைப் பார்த்தால் போய்விட்டது என்றே சொல்லலாம். 2011 கணக்கெடுப்பில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்றுமே 82 சதவீதத்துக்கு மேல், மாநில சராசரி 80. திருவாரூரில் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பட்டியல் சாதியினர், மாநிலத்திலேயே அதிகம். கைநாட்டு என்று திட்டுவதற்கு இப்போது ஊரில் கிழவர்கள்தான் மிச்சம். முதல் பட்டதாரி சலுகையில் பொறியியல் படித்த பிள்ளைகள் தெருவுக்கு நாலு பேர்.

மனசைப் பார்த்தால் வேறு மாதிரி. என் குற்றத்தையே சொல்கிறேன். பாடம் படிக்காத பையனை "நீ மாடு மேய்க்கத்தாண்டா லாயக்கு" என்று பதினைந்து வருஷம் திட்டியிருக்கிறேன். எல்லா வாத்தியாரும் திட்டுவதுதான். ஒரு நாள் அப்படித் திட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அந்தப் பையனின் அம்மா வாசலில் பால் ஊற்றிக்கொண்டிருந்தார். தினமும் ஊற்றுகிறவர்தான். "சார், பையன் நல்லாப் படிக்கிறானா?" என்றார். அன்றோடு அந்த வசனத்தை விட்டேன். ஆனால் அதற்குள் எத்தனை பிள்ளைகள், அப்பாவின் தொழிலைப் படிக்காதவனுக்கு விதித்த தண்டனை என்று என்னிடமே கற்றுக்கொண்டு போனார்களோ. படிவத்தில் தந்தை தொழில் என்ற இடத்தில் விவசாயக் கூலி என்று எழுதாமல் விவசாயம் என்று எழுதும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு சொல்லைத்தான் விட்டார்கள்.

புதுக் கோடும் விழுந்திருக்கிறது. காலையில் மஞ்சள் வேன் மெயின் ரோட்டுத் தெருவில் நின்று ஏற்றிக்கொண்டு போகிறது. அரசுப் பள்ளிக்கு நடந்து வருவது அநேகமாகக் கூலிக்காரர் பிள்ளைகள் மட்டும். முன்பு பள்ளிக்குள் போக முடிந்தவர், முடியாதவர் என்றிருந்தது. இப்போது எந்தப் பள்ளி என்பதில் வந்து நிற்கிறது. படித்து முடித்த இரண்டு தரப்பும் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விடுகிறது என்பதில் மட்டும் சமத்துவம். நடவுக்கு ஆள் இல்லை என்று மிராசுதார் வீட்டுப் பேரன் இயந்திரம் வாங்கி, அதை ஓட்ட ஐடிஐ படித்தவனைத் தேடிக்கொண்டிருக்கிறான்.

போன சம்பா அறுவடையில் எங்கள் ஊர் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஒரு சாயங்காலம் நின்றிருந்தேன். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் வருகிறதா என்று எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் பட்டியல் எழுத்தர், அறிவியல் பட்டம் வாங்கிய பையன், வேறு மாவட்டம். மூட்டை நாற்பது கிலோ. லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் என் பழைய மாணவன், டிப்ளமோ முடித்தவன், இரண்டு வருஷம் கோயம்புத்தூரில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவன். முதல் மூட்டை முதுகில் ஏறியதும் அவன் "லாபம்" என்று கூவினான். எழுத்தர் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"என்னண்ணே சொன்னீங்க?"

"ஒண்ணுதான் தம்பி. எழுதிக்குங்க."